சரக்குக்கு ஏற்ற வண்டி: குட்டி யானையின் இருபது ஆண்டுகள்

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து வாசுதேவநல்லூரில் வயலிலிருந்து வண்டியேறும் சரக்கு இரண்டு வகை. டன் கணக்கில் வெட்டி ஆலைக்கு அனுப்பும் கரும்பு ஒரு வகை. அதற்கு லாரியும் டிராக்டரும் உண்டு. எலுமிச்சை, வாழை, காய்கறி என்று அன்றன்று பறித்து, பக்கத்துப் புளியங்குடிக்கோ சங்கரன்கோவிலுக்கோ வாடுவதற்குள் கொண்டு சேர்க்க வேண்டியவை மற்றொரு வகை. மாட்டுவண்டி ஓய்ந்த பிறகு, இந்த இரண்டாவது வகைக்குப் பொருத்தமான வண்டி நெடுங்காலம் இல்லை. 1986-இல் வந்த டாடா 407 உறுதியானது; ஆனால் இரண்டு டன்னுக்கு மேல் இழுக்கும் அந்த வண்டியை நிரப்பச் சிறு விவசாயியிடம் சரக்கு கிடையாது. மூன்று சக்கர லோடு ஆட்டோவோ நெடுஞ்சாலையில் வேகமும் நிதானமும் இல்லாமல் திணறியது. இந்த இடைவெளியை நிரப்பிய வண்டியின் வரலாறு, இன்று புதிதாக வாங்குகிறவருக்கும் வழிகாட்டும்: வண்டியின் பலத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, அன்றாடச் சரக்கின் எடையைப் பார்த்தே வாங்க வேண்டும்.

2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். விலை இரண்டேகால் லட்சம் ரூபாய் அளவில். அனுமதிக்கப்பட்ட சுமை 750 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை பதினைந்து. ஒரு தோட்டத்தின் ஒரு நாள் பறிப்புக்கு அது போதும். தெருவுக்குள் நுழைந்து களத்து ஓரம் வரை போகவும் முடியும். தமிழகம் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு லட்சம் வண்டிகள் விற்றன. தேவைக்கு ஈடுகொடுக்க 2007-இல் உத்தராகண்டின் பந்த்நகரில் புதிய ஆலை இயங்கத் தொடங்கியது. 2011-இல் ஓசூரில் தயாராகி வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், ஒன்றேகால் டன் சுமையோடு அடுத்த படியை அமைத்தது.

குட்டி யானையின் வெற்றிக்கு விலை மட்டுமே காரணம் என்பது பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 66-ஆவது பிரிவு, சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம் என்கிறது. லாரி வைத்திருப்பவரின் பெர்மிட் அலைச்சல் குட்டி யானைக்காரருக்கு இல்லை. ஓட்டுநர் உரிமத்திலும் பாதை திறந்தது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு இலகு ரக உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. ஆக, கார் ஓட்டத் தெரிந்தவரே தன் சரக்கைத் தானே சந்தைக்கு ஏற்றிச் செல்லும் நிலை வந்தது. வாடகை வண்டிக்குக் காத்திருந்து விலை இழந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை.

பெரிய வண்டியில் கிலோவுக்கான செலவு குறையுமே என்று கேட்கலாம். வண்டி நிறைந்தால் குறையும். பாதி காலியாக ஓடினாலும் மாதத் தவணையும் காப்பீடும் முழுதாகவே வரும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் கேரளத்துக்கு ஏற வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. தினமும் ஒரு டன்னுக்கு மேல் அந்த ஏற்றத்தில் கொண்டு போகிறவருக்குத் தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்றவைதான் சரி. அங்கேயும் முடிவு செய்வது சரக்குதான். சின்ன வண்டியிலேயே கூடுதலாக ஏற்றிக்கொள்ளலாம் என்பது மட்டும் ஏற்க முடியாத வாதம். பிரேக்கும் வில்பட்டையும் டயரும் குறித்த எடைக்கே அமைந்தவை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் வாங்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. கூட்டம் நெருக்கும் இந்த நேரத்தில், கேட்ட வண்டி இல்லை, இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விற்பனையாளர் சொன்னால் முன்பணம் கட்டாதீர்கள். ஓராண்டில் எத்தனை நாள் எத்தனை கிலோ ஏற்றினீர்கள், திரும்பும்போது என்ன சரக்கு கிடைத்தது என்று எழுதிப் பாருங்கள். ஐந்து வருடத் தவணையைவிட ஒரு மாதக் காத்திருப்பு மலிவு.