மரத்துள் மூன்று ஃபென்

சீனத்தில் 'ரூ மூ சான் ஃபென்' என்றொரு மரபுத்தொடர் உண்டு. 'மரத்துள் மூன்று ஃபென் இறங்கியது' என்று பொருள். ஒரு சீன அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு ஃபென். 4-ஆம் நூற்றாண்டின் எழுத்துக்கலைஞர் வாங் ஷிஜி பலகையில் தூரிகையால் எழுதியதைத் தச்சர் செதுக்கியபோது, மை அவ்வளவு ஆழம் ஊறியிருந்ததாம். சற்று மிகையான கதைதான். வலிய கோட்டுக்குச் சொன்னது இன்று கூர்மையான விமர்சனத்துக்கும் ஆகிவருகிறது.

தமிழ்நாட்டில் மல்லாங்கிணறு, திருச்சுழிப் பக்கத்து வறண்ட காட்டில் நிற்கும் பனைக்கு இந்தப் புகழ்ச்சி ஒத்துவராது. தமிழில் எழுதுவது என்றால் தீட்டுவதும்தான். கண்ணுக்கு மை எழுதுகிறோமே! ஆனால் ஓலையில் எழுத்தாணி உண்மையாகவே கீறி இறங்கும். பிறகு கரி பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை தங்கும். கை கொஞ்சம் அழுத்தினாலும் ஓலை கிழியும். அதனால்தான் புள்ளி குத்துவதையே ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் தவிர்த்தார்கள். புள்ளியால் மட்டுமே வேறுபட்ட எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக்காட்டப் புள்ளியில்லாத வேறு வழி தேவைப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் அந்தச் சீர்திருத்தத்தைச் செய்தவராக வீரமாமுனிவரைச் சொல்வார்கள். அங்கே அழுத்தம் பெருமை. இங்கே அழுத்தாத கைதான் தேர்ந்த கை.