ஷட்டர் ஹேண்டிலைக் கழற்றுவதற்கு முன் கொஞ்சம் வரலாறு

நீளமான பதிவு. பழைய வேன், பழைய கார் வைத்திருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

2016 மே மாத வெள்ளம் கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. தண்ணீரில் நின்ற வாகனத்தில் எல்லோரும் முதலில் எஞ்சினைப் பார்ப்பார்கள், பிறகு சீட்டைக் காயப்போடுவார்கள். கதவை மறந்துவிடுவார்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் உண்டு. சேறு அவற்றை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே கறல் பிடித்து உக்கும். கழுவுவதென்றால் உள்பக்க போர்ட்டைக் கழற்ற வேண்டும். அங்கே வழிமறிப்பது ஷட்டர் ஹேண்டில். ஸ்க்ரூவைத் தேடினால் ஸ்க்ரூ இல்லை. உடனே பெரிய ஸ்க்ரூ ட்ரைவரால் நெம்புவார்கள். போர்ட் கிழியும், ஹேண்டில் உடையும்.

அப்படியானால் அந்த ஹேண்டில் எதில்தான் நிற்கிறது? நான் படிப்பிப்பது வரலாறு, ஆகவே பதிலும் அந்த வழியாகத்தான் வரும்.

ஆரம்பகாலக் கார்களில் ஹேண்டிலே கிடையாது. கண்ணாடியின் அடியில் ஒரு தோல் பட்டி இருக்கும், அதில் வரிசையாகத் துளைகள். பட்டியை இழுத்து, வேண்டிய துளையைக் கதவில் உள்ள முளையில் மாட்டினால் கண்ணாடி அந்த உயரத்தில் நிற்கும். குதிரை வண்டியிலும் ரயில் பெட்டியிலும் இருந்த ஏற்பாடுதான் காருக்கு வந்தது. பிறகு சுற்றும் ஹேண்டில் வந்தது. ஆனால் கண்ணாடி பாரமானது. கையை எடுத்தால் தானாகக் கீழே இறங்கப் பார்க்கும். இதற்கு ஜெர்மனியின் கோபுர்க் நகரத்து புரோஸ நிறுவனம் 1920களில் நல்ல வழி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஓர் உருளை உறைக்குள் சுருள் கம்பி. ஹேண்டில் பக்கத்திலிருந்து திருப்பினால் சுருள் சுருங்கி உறையை விட்டு விலகும், கண்ணாடி நகரும். கண்ணாடியின் பாரம் மறுபக்கத்திலிருந்து தள்ளினால் சுருள் விரிந்து உறையைக் கவ்விக்கொள்ளும், நின்றுவிடும். பெற்றரியும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

நம் நாட்டுக் கதை மொரிஸ் மைனரோடு தொடங்குகிறது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 1948 இல் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். (அதே மனிதர் 1959 இல் கொண்டுவந்த மினியில் ஹேண்டிலையே எடுத்துவிட்டு, தள்ளித் திறக்கும் கண்ணாடி வைத்தார். பிரிட்டனில் மினிக்கு ஹேண்டில் வர 1969 ஆனது.) 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இங்கே கார் இறக்குமதியை இறுக்கினார்கள். இருந்த காரைச் சாகவிடாமல் ஓட்டுவது நம் பாஸ்மாரின் வேலையானது. அந்தக் கைத்திறனுக்கு வெளிநாட்டிலும் மதிப்பு இருந்தது. பிரிட்டனின் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பித்துக் கொடுத்த சார்ள்ஸ் வெயார், 1990களில் அதன் பாகங்களை இலங்கையில் செய்விக்கும் முயற்சியில் இறங்கினார். இங்கிலாந்துக் காருக்கு இலங்கையிலிருந்து பாகம்!

அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் ஹேண்டிலைப் பிடித்திருப்பது ஒரு சின்ன ஆணி. ஹேண்டிலுக்குப் பின்னால் உள்ள வட்டத் தட்டை கதவுப் பக்கமாக அழுத்துங்கள். உள்ளே ஸ்ப்ரிங் இருப்பதால் அமுங்கும், ஆணியின் தலை தெரியும். மெல்லிய கம்பியால் தள்ளினால் ஆணி வந்துவிடும். பலம் தேவையே இல்லை.

1977 இல் பொருளாதாரம் திறந்தது. டட்சன் சன்னி, டொயோட்டா கொரொல்லா என்று ஜப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. இவற்றில் ஆணிக்குப் பதிலாக, குதிரை லாடம் போல வளைந்த கம்பிக் கிளிப். தொழிற்சாலையில் இது வேலையைக் குறைத்தது: கிளிப்பை ஹேண்டிலில் முன்பே செருகி, பல் வெட்டிய தண்டில் தள்ளினால் முடிந்தது. வெளியே ஸ்க்ரூ தலை தெரியாததால் பார்க்கவும் அழகு. மைனரில் பழகியவர் இதில் ஆணியைத் தேடினால் கிடைக்காது.

இதற்கு விசேஷ ஆயுதம் உண்டு, ஆனால் ஒரு துண்டுத் துணி போதும். ஹேண்டிலுக்கும் பின்னால் உள்ள பிளாஸ்டிக் தட்டுக்கும் இடையில் துணியைக் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து, சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவது போல இழுங்கள். துணி கிளிப்பின் நுனியில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். கவனம், கிளிப் துள்ளிப் பறக்கும். அது தொலைந்தால் பஞ்சிகாவத்தைக்குப் போகும் செலவு கிளிப்பின் விலையை விடக் கூட. நடுவில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். சில வாகனங்களில் ஸ்க்ரூ அதற்கடியில் ஒளிந்திருக்கும்.

பவர் ஷட்டர் புதிது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் பக்கார்ட் கம்பனி 1940 இலேயே அதைக் கொடுத்தது. அது எல்லா வாகனத்துக்கும் பரவத்தான் காலம் எடுத்தது. நம்மிடமோ 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஐந்து வருடம்! புதிய விலை கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே நம் பிள்ளைகளை ஏற்றும் ஸ்கூல் வேன்கள், சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் சின்ன லொறிகள் இன்னும் பல வருடம் ஓடியே ஆகவேண்டும். அவற்றை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. கதவு உக்கிப்போனால் டிங்கரிங், பெயின்ட் என்று போகும் காசு உங்களுக்குத் தெரியும்.

ஒரு விஷயம் மிச்சம். கழற்றும் முன் கண்ணாடியை முழுதாக மூடி, ஹேண்டில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். தண்டைச் சுற்றிலும் பல் இருப்பதால் எப்படியும் பொருந்தும். பிறகு ஓட்டுபவரின் முழங்காலில் இடிக்கும். திரும்பப் பூட்டும்போது கிளிப்பை முதலில் ஹேண்டிலில் செருகி, பிறகு தண்டில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்கும்.

யாரிடமாவது தோல் பட்டி வைத்த காரின் பழைய குடும்பப் படம் இருந்தால் கொமெண்டில் போடுங்கள்.