கொள்ளைப் பட்டியலின் கடைசி வரி

எண்ணாகமம் 31ஆம் அதிகாரம் ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்பட்டு நம்மில் அநேகர் கேட்டிருக்க மாட்டோம். மீதியானியர்மேல் பழிவாங்கு என்று கர்த்தர் மோசேக்குச் சொல்கிறார். 12,000 பேர் போருக்குப் போகிறார்கள், ஆண்களைக் கொல்கிறார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் சிறைபிடித்து வருகிறார்கள். மோசே கோபப்படுகிறார். பெண்களை ஏன் உயிரோடு விட்டீர்கள் என்பதே அவர் கேள்வி. ஆண்பிள்ளைகளையும் ஆணை அறிந்த பெண்களையும் கொல்லுங்கள், ஆணை அறியாத பெண்பிள்ளைகளை உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

பிறகு கணக்கு வருகிறது. ஆடுகள் 6,75,000. மாடுகள் 72,000. கழுதைகள் 61,000. பெண்கள் 32,000. இதில் பாதி போர்வீரருக்கு, பாதி சபையாருக்கு. போர்வீரர் பங்கிலிருந்து கர்த்தருக்குப் பகுதியாக 675 ஆடு, 72 மாடு, 61 கழுதை, 32 பெண்கள். ஆடு மாட்டுக்குப் பின், பட்டியலின் கடைசி வரியில் நிற்கிறார்கள் அவர்கள்.

இந்தப் பழிக்குக் காரணம் 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இஸ்ரவேல் ஆண்கள் அந்நியப் பெண்களோடு போய் பாகால்பேயோரை வணங்கினார்கள், கொள்ளைநோயில் 24,000 பேர் செத்தார்கள். அங்கே முதலில் பேசப்படுவது மோவாபியப் பெண்கள். தண்டனை மட்டும் மீதியானியருக்கு. கஸ்பி என்ற மீதியானியப் பெண்ணைப் பினெகாஸ் ஈட்டியால் குத்துகிறான், வாதை நிற்கிறது, அவனுக்கு நித்திய ஆசாரியத்துவம் கிடைக்கிறது. போன ஆண்களின் பாவம் வந்த பெண்களின் பாவமாக எப்படி மாறுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

இது அப்படியே நடந்த போரின் அறிக்கை என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கொள்வதில்லை. போரில் ஓர் இஸ்ரவேலன்கூடச் சாகவில்லை என்கிறது அதிகாரம். முற்றாக அழிக்கப்பட்ட மீதியானியர் நியாயாதிபதிகள் 6இல் திரும்பி வந்து இஸ்ரவேலை ஏழு வருஷம் ஒடுக்குகிறார்கள். கொள்ளையைப் பங்கிடுவது எப்படி, தீட்டுக் கழிப்பது எப்படி என்று விதி சொல்வதற்காகப் பிற்கால ஆசாரியர் மரபு வகுத்த கதை என்பது அவர்கள் முடிவு. எனக்கு இதில் பாதி ஆறுதல்தான். நடக்காத ஒன்றை எழுதியவர், அது நடந்திருக்க வேண்டும் என்று விரும்பியல்லவா எழுதினார்?

இந்தச் சங்கடம் புதிதல்ல. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன், இந்தக் கடவுள் வேறு, இயேசு சொன்ன பிதா வேறு என்று பழைய ஏற்பாட்டையே தள்ளினார். ரோமச் சபை அவரைத் தள்ளியது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், இந்தப் போர்களை நம் மனத்திலுள்ள பாவங்களோடு நாம் நடத்தும் போராக வாசிக்கச் சொன்னார். பிரசங்கிகளுக்கு இன்றும் கைகொடுப்பது இந்த வழிதான். பாவத்தைக் கொல்வது சரி. உயிரோடு விடப்பட்ட பெண்பிள்ளைகள் எந்தப் பாவத்துக்கு உருவகம் என்று யாரும் விளக்குவதில்லை.

1795இல் தாமஸ் பெயின் தம் ‘பகுத்தறிவின் யுகம்’ நூலின் இரண்டாம் பாகத்தில் இந்த அதிகாரத்தை எடுத்து, அந்தத் தாய்மாரின் இடத்தில், அந்த மகள்களின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள் என்று வாசகிகளிடம் கேட்டார். மறு வருஷம் லாண்டாஃப் பிஷப் ரிச்சர்ட் வாட்சன் பதில் எழுதினார். பெண்பிள்ளைகள் வைத்துக்கொள்ளப்பட்டது இச்சைக்காக அல்ல, அடிமை வேலைக்காகத்தான், அதில் தமக்குத் தெரிவது நல்ல ராஜதந்திரமும் இரக்கமுமே என்றார். பிரிட்டிஷ் சட்டம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்ய இன்னும் பதினோரு வருஷம் இருந்தது. கடவுளின் பெயரைக் காப்பாற்ற ஒரு நல்ல மனிதர் எதையெல்லாம் இரக்கம் என்று அழைக்க வேண்டியிருக்கிறது!

நூறு வருஷம் கழித்து, 1895இல், எலிசபெத் கேடி ஸ்டான்டன் ‘பெண்ணின் விவிலியம்’ முதல் பாகத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு 80 வயது. பள்ளிப் பருவத்தில் சார்லஸ் ஃபின்னியின் நரகப் பிரசங்கங்களைக் கேட்டு நடுங்கி, இரவில் தகப்பனாரை எழுப்பித் தன் ஆத்துமாவுக்காக ஜெபிக்கச் சொன்ன பெண் அவர். எண்ணாகமம் 31க்கு வரும்போது அந்தக் கணக்கை அப்படியே எடுத்துவைத்து, ஒழுக்கச் சீர்திருத்தச் சங்கத்தாரிடம் கேட்கிறார்: வேதம் முழுவதும் தெய்வ வாக்கு என்று நம்பும் நீங்கள், ராஜதந்திரிகளும் சிப்பாய்களும் சிறுமிகளை அனுபவிப்பதை எந்த முகத்தோடு கண்டிக்கிறீர்கள்?

இது வெறும் வாதத்துக்கான கேள்வி அல்ல. 1886இல் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத் தலைமையகம் சுற்றறிக்கை ஒன்றை அனுப்பியிருந்தது. பாளையங்களில் சிப்பாய்களுக்குப் போதுமான எண்ணிக்கையில், போதுமான அழகோடு பெண்கள் இருக்க வேண்டும் என்று. 1891-92 குளிர்காலத்தில் கேத்தரின் புஷ்னெல் என்ற அமெரிக்க மருத்துவரும் எலிசபெத் ஆண்ட்ரூவும் வட இந்தியப் பாளையங்களுக்குப் போய் அந்தப் பெண்களிடமே பேசி, லண்டன் விசாரணைக் குழுமுன் சாட்சி சொன்னார்கள். அவர்களை மறுத்துப் பேசிய படைத்தலைவர் ராபர்ட்ஸ் கடைசியில் மன்னிப்புக் கேட்டார்.

புஷ்னெல் ஸ்டான்டனின் கட்சி அல்ல. வேதத்தில் பிழையே இல்லை என்று உறுதியாக நம்பியவர். பிழை ஆண்களே செய்த மொழிபெயர்ப்பில் இருக்கிறது என்று சொல்லி எபிரெயமும் கிரேக்கமும் படித்து, பெண்களுக்கான வேதபாடங்களை எழுதினார். ஸ்டான்டன் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன விடை சரியென்று எனக்குத் தோன்றவில்லை. 31ஆம் அதிகாரத்தை எப்படி மொழிபெயர்த்தாலும் 32,000 என்ற எண் மாறாது. ஆனாலும், சிப்பாய்களின் பட்டியலிலிருந்த பெண்களைத் தேடிப்போய்ப் பேசியது அந்த விசுவாசிதான் என்பதையும் மறக்க முடியவில்லை.

ஸ்டான்டனை அவருடைய இயக்கமே கைவிட்டது. 1896இல் தேசியப் பெண் வாக்குரிமைச் சங்கம், அந்த நூலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று 53க்கு 41 வாக்குகளில் தீர்மானம் போட்டது. சூசன் ஆன்டனி அதை எதிர்த்துப் பேசியும் பயனில்லை. ஸ்டான்டனிலும் குறை உண்டு. கறுப்பு ஆண்களுக்கு முதலில் வாக்கு என்றபோது அவர் பேசிய இனவெறிப் பேச்சை யாரும் மழுப்ப வேண்டாம்.

அந்தக் கறுப்பு மக்கள் கடவுளின் பழியை வேறு விதமாக வாசித்தார்கள். எஜமானின் சாட்டைக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பார்வோனின் சேனை கடலில் மூழ்கியது நற்செய்தி. அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மனை மோசே என்றே அழைத்தார்கள். அடிபட்டவள் பழி கேட்பதும், அவள்மேல் பழி தீர்ப்பதும் ஒன்றல்ல. அதனால்தான், 1971இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் அன்றாட ஜெபப் புத்தகத்திலிருந்து 58, 83, 109ஆம் சங்கீதங்களை நீக்கியது எனக்கு உவப்பாக இல்லை. 109 துன்புறுத்தப்பட்ட ஏழையின் சாபம். அவளுக்கு (அவனுக்கு என்றே எழுதியிருக்கிறது) சபிக்கவும் இடம் வேண்டாமா?

ஆனால் யாத்திராகமத்தில் மட்டும் நின்றுவிடக் கூடாது என்று 1993இல் டெலோரஸ் வில்லியம்ஸ் எச்சரித்தார். எகிப்தியப் பெண் ஆகார் இருக்கிறாள். அவளைக் கொடுமைப்படுத்திய நாச்சியாரிடமே திரும்பிப் போகச் சொல்கிறது தெய்வ வாக்கு. அதற்கு முன்பே, 1984இல், ஃபிலிஸ் ட்ரிபிள் ஆகார், தாமார், லேவியனின் பெயரில்லாத மறுமனையாட்டி, யெப்தாவின் மகள் ஆகிய நால்வர் கதைகளை எடுத்து, அவர்களுக்கு இரங்கல் செய்வதுபோல ஒரு நூல் எழுதினார். அவர் வேதத்தைத் தள்ளவும் இல்லை, கதைக்கு நல்ல முடிவு ஒட்டவும் இல்லை. யாக்கோபு விடியும்வரை போராடியதுபோலப் போராடி, ஆசீர்வாதம் கிடைக்காவிட்டாலும் விடமாட்டேன் என்பது அவர் நிலை. என்னால் சபையில் உட்கார முடிவது இந்த நிலையில்தான். 31ஆம் அதிகாரத்தை ஏற்றுக்கொள் என்றால், அது நம் புத்தகத்தில் இருக்கிறது என்று ஏற்றுக்கொள்கிறேன். நியாயம் என்று ஏற்கமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. மோசேயின் மனைவி சிப்போராள் ஒரு மீதியானியப் பெண், மீதியான் ஆசாரியனின் மகள். மோசே சாகக் கிடந்த இரவில் கூர்மையான கல்லை எடுத்து அவரைக் காப்பாற்றியவள். 31ஆம் அதிகாரத்தில் அவள் பெயர் இல்லை. அதிகாரம் முடிவது பொன் கணக்கில். தங்கள் ஆட்களில் ஒருவனும் குறையவில்லை என்ற நன்றிக்காகத் தளபதிகள் 16,750 சேக்கல் பொன்நகைகளைக் கொண்டுவருகிறார்கள். காப்பு, கடகம், மோதிரம், காதணி. மோசே அவற்றை வாங்கி ஆசரிப்புக் கூடாரத்தில் ஞாபகக்குறியாக வைக்கிறார். யாருடைய காதிலிருந்து கழற்றியவை என்று எழுதப்படவில்லை.