ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸ்: சர்வர் மென்பொருளைப் பொதியாக்கல்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்கு வெளியார் எழுதிய மென்பொருள்களை அதற்கேற்பத் திருத்தி, நிறுவத்தக்க பொதிகளாக்கும் ஏற்பாடு போர்ட்ஸ் எனப்படும். ஜோர்டன் ஹப்பர்ட் 1994-இல் எழுதிய மேக் கட்டளைத் தொகுதியிலிருந்து வளர்ந்த இதில் இன்று 30,000-க்கும் மேற்பட்ட மென்பொருள்கள் உள்ளன. நெட்பிஎஸ்டியின் பேக்கேஜ்சோர்ஸ் 1997-இல் இதிலிருந்தே கிளைத்தது.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. வலைச் சர்வர் காதுகொடுத்துக் காத்திருக்கும் 80-ஆம் எண் வாசலும் போர்ட். அந்தச் சர்வருக்கான பொதிக் குறிப்பும் போர்ட். போதாக்குறைக்கு, வலைச் சர்வரை இயக்கும் பயனர் கணக்கின் எண்ணும் 80.

போர்ட் என்பது சில சிறிய கோப்புகள் கொண்ட ஓர் அடைவு மட்டுமே. மூலநிரல் அதில் இராது. அது எங்கே கிடைக்கும், எப்படிக் கம்பைல் செய்வது, வேறு எவை தேவை என்பதை மேக்ஃபைல் சொல்லும். இறக்கிய கோப்பு அசல்தானா என்று பார்க்க அதன் அளவும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையும் தனிக்கோப்பில் இருக்கும். லினக்ஸை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய நிரல்களுக்குப் பேட்ச்கள் தேவைப்படும். பேஷ் ஓடு லினக்ஸில் பின் அடைவில் இருக்கும் என்று நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் இங்கே முதல் வரியிலேயே விழுந்துவிடும். வெளியார் மென்பொருள் எல்லாம் யூசர் அடைவுக்குள் இருக்கும் லோக்கல் அடைவில்தான் குடியேற வேண்டும் என்பது இங்குள்ள விதி. அடிப்படை அமைப்பும் வந்து சேர்ந்தவையும் கலக்காமலிருப்பதே இதனால் வரும் பெரும் நன்மை.

சாதாரணக் கருவிக்குக் கம்பைல் ஆவதோடு பாதி வேலை முடிந்துவிடும். சர்வர் மென்பொருளுக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. அது ஆண்டுக்கணக்கில் அணையாமல் ஓட வேண்டும். முன்பின் தெரியாதவர்களின் கோரிக்கைகளைக் கையாள வேண்டும். ஆகவே அதற்கு ரூட் அதிகாரமில்லாத தனிப் பயனர் கணக்கு தரப்படுகிறது. கணக்கு எண்கள் மோதாதிருக்க, போர்ட்ஸ் மரம் முழுமைக்கும் பொதுவான ஒரு பட்டியல் உண்டு.

அமைவுக் கோப்புகளில் எச்சரிக்கை இன்னும் அதிகம். பொதி தருவது மாதிரிக் கோப்பு மட்டுமே. உண்மைக் கோப்பு இல்லையென்றால் மாதிரியின் நகல் அவ்விடத்தில் வைக்கப்படும், இருந்தால் தொடப்படாது. பொதியை நீக்கும்போதும், நிர்வாகி ஓர் எழுத்தையாவது மாற்றியிருந்தால் அந்தக் கோப்பு தப்பிக்கும்.

தொடக்க ஸ்கிரிப்ட் எழுதுவதும் பொதியாக்குபவர் பொறுப்பு. எந்தச் சேவைக்குப் பின் எது எழ வேண்டும் என்பதை அதன் தலைப்பிலுள்ள குறிப்பு வரிகளைப் படித்து ஆர்சிஆர்டர் என்னும் நிரல் முடிவுசெய்யும். லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும் என்று பின்னணிக்குப் போகத் தெரியாமல் எழுதப்படும் இக்காலச் சர்வர்களை டீமன் என்ற சிறு கருவிக்குள் வைத்து ஓட்டுவது வழக்கம். நிறுவிய மாத்திரத்தில் சேவை ஓடத் தொடங்காது, ஆர்சி.கான்ஃப் கோப்பில் நிர்வாகி ‘யெஸ்’ என்று எழுத வேண்டும். டெபியனில் பல சேவைகள் நிறுவியவுடனே ஓடத் தொடங்கும். அங்கிருந்து வருபவர்களுக்கு இது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் அமைவைத் திருத்துமுன்பே வாசலைத் திறந்து வைப்பதைவிட இது மேல்.

பொதிகளின் கட்டுமானத்துக்குப் பெரிதும் பயன்படுவது பூட்ரியேர் என்னும் கருவி. ஒவ்வொரு போர்ட்டையும் ஜெயில் என்னும் தனிமைப்படுத்திய வெறுமையான சூழலுக்குள் கட்டுவதால், அறிவிக்காமல் விட்ட சார்பு உடனே அம்பலமாகும். தம் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நூலகம் பராமரிப்பாளரின் கண்ணை மறைக்க வழியில்லை. 2013-இல் வந்த ஸ்டேஜிங் முறை, கோப்புகளை முதலில் ஒரு தற்காலிக அடைவில் நிறுவிப் போர்ட்டின் கோப்புப் பட்டியலோடு ஒப்பிட வகைசெய்தது. பழைய பொதிக் கருவிகளின் இடத்தை பிகேஜி 2014-இல் முழுதாகப் பிடித்தது.

பொதியை நீக்கினாலும் அதன் பயனர் கணக்கு தானாக அழிவதில்லை. தரவுத்தளக் கோப்புகள் வட்டில் எஞ்சியிருக்கலாம்; கணக்கு அழிந்து அதே எண் பின்னர் வேறொருவருக்குப் போனால், அந்தக் கோப்புகளும் அவருடையவை ஆகிவிடும்.