குளோஸ்-வெயிட் குறைந்தால் கசிவு குறைந்ததா?

நெட்வொர்க் சர்வர்களின் வளக்கசிவு பற்றிய எழுத்துகளில் ஒரு வாசிப்பு நிலைபெற்றுவிட்டது. குளோஸ்-வெயிட் நிலையில் சாக்கெட்டுகள் குவிந்தால் கீப்-அலைவ் காலத்தைச் சுருக்க வேண்டும். எண்ணிக்கை இறங்கிவிட்டால் கசிவு அடைபட்டது என்பது அவ்வாசிப்பு. எண்ணிக்கை இறங்கும் என்பது உண்மை. கசிவு அடைபட்டது என்பது, லினக்ஸைப் பொறுத்தவரையிலேனும், உண்மையன்று.

சிக்கல் மூலத்தை வாசிக்கும் முறையிலேயே தொடங்குகிறது. 1981இன் ஆர்எஃப்சி 793, இணைப்பை முடிக்கும்படி உள்ளூர்ப் பயனரிடமிருந்து கோரிக்கை வரும்வரை காத்திருப்பதே குளோஸ்-வெயிட் என வரையறுக்கிறது; 2022இன் ஆர்எஃப்சி 9293 இவ்வரையறையை மாற்றவில்லை. மறுமுனை முடித்துக்கொண்டது, கெர்னலும் அதை ஏற்றுக்கொண்டது. சர்வர் நிரல் தன் சாக்கெட்டை மூடுவதுதான் பாக்கி. டைம்-வெயிட்டுக்கு வகுத்தது போன்ற தனிக் காலக்கெடு இந்நிலைக்கு இல்லை. இதை நெறிமுறையின் குறை எனக் கொண்டவர்கள் கீப்-அலைவ் என்னும் கெர்னல் கடிகாரத்தால் அதை நிரப்ப முயன்றார்கள். அது திட்டமிட்ட மௌனமா என்பதை ஆவணத்தைக் கொண்டு மட்டும் நிறுவ இயலாது. ஆயினும் கடமை யாருடையது என்பதில் வரையறை தெளிவாகவே இருக்கிறது. கடிகாரம் ஓடினால் நடப்பதும் இதையே காட்டுகிறது. தன் சாக்கெட்டை முழுமையாக மூடிவிட்ட லினக்ஸ் மறுமுனை, இயல்பான அமைப்பில் 60 வினாடிகளில் அவ்விணைப்பை மறந்துவிடும். அதன்பின் அங்குச் செல்லும் கீப்-அலைவ் சோதனைப் பொட்டலத்துக்கு ரீசெட்தான் விடை. அதைப் பெற்ற கெர்னல் இணைப்பை மூடிய நிலைக்கு மாற்றித் தன் அட்டவணையிலிருந்து நீக்குகிறது. இணைப்புப் பட்டியலில் குளோஸ்-வெயிட் மறைகிறது. ஆனால் நிரல் கையில் வைத்திருக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டர் அப்படியே இருக்கிறது. வளம் திரும்பவில்லை, சாட்சி மட்டும் கலைந்துபோனது.

ஆகவே சோதனை எண்ண வேண்டியது இணைப்பு நிலைகளை அன்று; ப்ராக் கோப்பகத்தில் அந்தச் செயல்முறையின் பெயரில் திறந்திருக்கும் டிஸ்கிரிப்டர்களை. குளோஸ்-வெயிட்டில் இருந்தபடியே நீண்ட பதிலை அனுப்புவது முறையான செயல்தான். எனவே ஒரே ஒரு எண்ணிக்கை எதையும் நிறுவாது. சம அளவுச் சுற்றுகளை ஓட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் சர்வர் அமைதியடைந்தபின் எண்ணி, எண்ணிக்கை சுற்றுக்குச் சுற்று ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயிரம் இணைப்புக்கு ஒன்று பிழைப் பாதையில் சென்று கசியுமானால், வழக்கமான 1024 வரம்பை எட்டச் சுமார் 10 லட்சம் இணைப்புகள் வேண்டும். சாதாரணச் சுமைச் சோதனையில் அது தலைகாட்டாமலே போகலாம். வரம்பை 64ஆகக் குறைத்து, ஒவ்வொரு கோரிக்கையின் நடுவிலும் கிளையன்ட் இணைப்பைத் துண்டித்தால், அதே கசிவு நூறு கோரிக்கைகளுக்குள் வெளிப்பட்டுவிடும்.

நினைவக வளர்ச்சியே போதிய சான்று என்பர் சிலர். விடுவித்த நினைவகத்தையும் ஒதுக்கீட்டு நூலகம் கையிருப்பில் வைத்துக்கொள்வதால் அவ்வளவீடு இருபுறமும் ஏமாற்றும். குப்பை சேகரிப்பான் உள்ள மொழிகளுக்கு இக்கவலை இல்லை என்ற வாதம் நெடிய மறுப்புக்கு உரியதன்று: பொதுவாகச் சேகரிப்பானைத் தூண்டுவது நினைவக நெருக்கடி, டிஸ்கிரிப்டர் பற்றாக்குறை அன்று. இங்குக் கூறியவை லினக்ஸின் நடத்தையைச் சார்ந்தவை. பிற இயக்க முறைமைகளில் தனியே சரிபார்க்க வேண்டும். லினக்ஸில் கீப்-அலைவைச் சுருக்கிய பிறகு எடுத்த குளோஸ்-வெயிட் எண்ணிக்கையைக் கசிவின்மைக்குச் சான்றாக ஏற்பதற்கில்லை.