உண்ணுதல் கோளாறும் குடும்பக் காப்பீடும்: அல்சூர் வட்டாரத்தில் ஒரு வரலாறு

உடல் எடை, தோற்றம் பற்றிய கவலை ஒருவரின் அன்றாட உணவையே குலைத்துவிடும்போது அதை உண்ணுதல் கோளாறு என்கிறது மருத்துவம். உணவை மிகக் கடுமையாகக் குறைத்துக்கொள்வது அனோரெக்சியா. அளவுமீறி உண்பதும், அதை ஈடுகட்ட உடலை வருத்துவதும் மாறிமாறி வருவது புலிமியா. இந்நோயாளிகளில் பலர் இளம் வயதினர். நோயை வீட்டாரிடம் மறைப்பது இதில் வழக்கம். ஆனால் அவர்களின் மருத்துவச் செலவைத் தாங்கும் காப்பீடு பெரும்பாலும் தந்தை, தாய் அல்லது கணவர் பெயரில்தான் இருக்கிறது. இந்தச் சிக்கல் படிப்படியாக உருவான விதத்தை பெங்களூரின் அல்சூர் வட்டாரத்தில் பார்க்கலாம்.

1809-இல் பிரிட்டிஷார் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைத்தபின் படையோடும் வணிகத்தோடும் வந்த தமிழர் அல்சூரில் பெருகினர். அவர்களின் வழியினருக்குப் பிற்காலத்தில் வேலை தந்தவை 1940-இல் தொடங்கிய விமான ஆலையான எச்.ஏ.எல்., 1948-இல் தொடங்கிய தொலைபேசி ஆலையான ஐ.டி.ஐ. போன்றவை. குடும்பத்தின் மருத்துவச் செலவை வேலை கொடுப்பவரும் பகிரும் ஏற்பாடு இவ்வட்டாரத்துக்கு ஆலைகளின் வழியே வந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் கர்நாடகத்தில் 1958-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் மருத்துவமனை ஒன்று அல்சூரை அடுத்த இந்திராநகரில் இயங்குகிறது. ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளியின் எண்தான் அடையாளம். மனைவியும் மக்களும் அந்த எண்ணின்கீழ் வருகிறவர்கள். சார்ந்திருப்போரின் நோய், சம்பாதிப்பவரின் பெயரில் பதிவாகும் முறை இப்படி வேரூன்றியது.

மனநோய் மருத்துவம் வேறு பாதையில் வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெங்களூர்ப் பேட்டைப் பகுதியில் ஒரு மனநோயர் காப்பகம் எழுந்தது. 1925-இல் அது மனநல மருத்துவமனை என்று பெயர் மாறி, 1930-களில் ஓசூர் சாலையின் புதிய வளாகத்துக்குச் சென்றது. 1954-இல் அங்கே தொடங்கிய அகில இந்திய மனநல நிலையத்தையும் அந்த மருத்துவமனையையும் 1974-இல் இணைத்தபோது பிறந்ததே நிம்ஹான்ஸ். நோயாளியோடு குடும்பத்தாரையும் சேர்த்துப் பார்க்கும் குடும்ப மனநல மருத்துவத்துக்கு அங்கே தனிப்பிரிவும் ஏற்பட்டது. மேலைநாட்டுக் காப்பகங்கள் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்தன என்றால், இந்திய மருத்துவமனைகள் குடும்பத்தையே துணைக்கு அழைத்தன. செவிலியர் பற்றாக்குறையும் இதற்கு ஒரு காரணம்.

உண்ணுதல் கோளாறு இந்திய மருத்துவரின் கவனத்துக்குத் தாமதமாகவே வந்தது. 1873-இல் பாரிஸில் லாசேக்கும் லண்டனில் வில்லியம் கல்லும் அனோரெக்சியாவை விவரித்துவிட்டனர். புலிமியாவை 1979-இல் ஜெரால்டு ரஸ்ஸல் தனி நோயாக அடையாளம் கண்டார். இந்தியாவில் இது மேலைநாட்டு நோய் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. சாப்பிடாமல் இருப்பதற்கு விரதம், வயிற்றுப்புண், 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று வீட்டில் ஏற்கத்தக்க காரணங்கள் பல இருந்ததும் நோயை மறைத்தது. சென்னை ஆய்வாளர்கள் 1998-இல் இதன் மென்மையான ஒரு வடிவத்தை விவரித்துக் கட்டுரை வெளியிட்டனர். பெங்களூர் மனநல மருத்துவரிடையே நடந்து 2012-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இத்தகைய நோயாளி ஒருவரையேனும் பார்த்ததாகக் கூறினர்.

இதற்கிடையே காப்பீடு ஆலையைத் தாண்டி வளர்ந்தது. 1986-இல் பொதுத்துறை நிறுவனங்கள் மெடிக்ளெய்ம் என்ற மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை அறிமுகம் செய்தன. காப்பீட்டுத் துறை தனியாருக்குத் திறக்கப்பட்ட 2000-க்குப் பின், ஒரே தொகையைக் குடும்பம் முழுவதும் பகிரும் ஃப்ளோட்டர் பாலிசிகள் பரவின. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியரின் பெற்றோரையும் குழு காப்பீட்டில் சேர்த்தன. ஆனால் பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் மனநோயும் இடம்பெறுவது வழக்கமாக இருந்தது. ஆகவே மனநல மருத்துவருக்குக் கையிலிருந்தே பணம் கொடுக்க வேண்டியிருந்தது. செலவு நோயாளிமேல் விழுந்தது. எனினும் ரசீது யார் கண்ணிலும் படாமல் போனது.

இந்நிலையை மாற்றியது 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது அதன் 21-ஆம் பிரிவு. மனநோய் எது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு போன்ற ஏற்கப்பட்ட தரங்களின்படி முடிவு செய்யச் சொல்கிறது 3-ஆம் பிரிவு. அவ்வகைப்பாட்டில் உண்ணுதல் கோளாறும் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்டில் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. இருந்தும் மறுப்புகள் நிற்கவில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் முதலே இக்கடமை நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. எல்லாப் பாலிசிகளும் இணங்க ஆணையம் 2022 அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது.

காப்பீடு கிடைத்ததும் மறைவு குறைந்தது. நோயாளி பணம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகச் செலுத்தும் கேஷ்லெஸ் முறையில் மருத்துவமனை நோயின் பெயரைக் குறிப்பிட்டு முன் அனுமதி கேட்கிறது. டிபிஏ எனப்படும் இடைநிறுவனம் அதைச் சரிபார்க்கிறது. கிளெய்ம் பற்றிய செய்தி பாலிசிதாரரின் கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் போகிறது. ஃப்ளோட்டரில் ஒருவர் செலவிட்ட தொகை மற்றவருக்கான மீதியில் குறைவதால், செய்தி போகாவிட்டாலும் கணக்கு காட்டிக்கொடுக்கும். மேலும், பாலிசிகள் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருபவை. உண்ணுதல் கோளாற்றில் உடல்நிலை அபாயமானாலன்றி சிகிச்சை பெரும்பாலும் வெளிநோயாளியாக வந்துபோகும் ஆலோசனையாகவும் உணவியல் வழிகாட்டலாகவுமே நடக்கிறது. அதற்கு இன்றும் கைப்பணமே வழி.

நோயாளியின் தகவலைக் காக்கும் கடமையை அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு மருத்துவர்மேல் சுமத்துகிறது. பிறருக்கோ நோயாளியின் உயிருக்கோ ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்றவை விதிவிலக்குகள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்த வழக்கைத் தொடுத்தவர், கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. ஆயினும் 23-ஆம் பிரிவு காக்கும் மறைவு, பாலிசிதாரருக்குப் போகும் கிளெய்ம் கணக்குவரை எட்டவில்லை.

வயதும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. அச்சட்டப்படி, சிகிச்சை முடிவுகளில் துணைநிற்கும் பிரதிநிதியை 18 வயது நிரம்பியவர் தாமே நியமிக்கலாம்; நிரம்பாதவருக்குப் பாதுகாவலரே பிரதிநிதி. வளரிளம் பருவத்தினரின் அனோரெக்சியாவுக்கு, 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை பெற்றோரையே சிகிச்சையின் முதல் கருவியாக்குகிறது. எனவே அவ்வயதில் வீட்டாரிடம் முழுமையாக மறைத்த சிகிச்சை பயனும் குறைவாகவே தரும். வயதுவந்தோர் குடும்பப் பாலிசியைத் தொடாமல் சிகிச்சை பெற இப்போது இரு வழிகள் உண்டு: தம் பெயரில் தனிப் பாலிசி எடுப்பது, அல்லது நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனத்தில் குறைந்த கட்டணத்தில் வெளிநோயாளியாகச் சேர்வது. முதல் ஆலோசனைக்கு, 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலிமானஸ் எனும் தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416 இருக்கிறது. நிம்ஹான்ஸை உச்ச மையமாகக் கொண்ட அந்தச் சேவை இலவசமானது. அதற்கு ரசீதும் இல்லை, கிளெய்மும் இல்லை.