ஒரு பயிற்சியும் இரு பெயர்களும்

இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவது, பிள்ளை பெற்ற பெண்கள் பலர் வெளியே சொல்லாத தொல்லை. மருத்துவரிடம்கூடச் சொல்லக் கூசி, துணியை மடித்து வைத்துக்கொண்டே காலந்தள்ளியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. மருந்தும் கத்தியுமின்றி இதைக் குணப்படுத்தும் முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மகளிர்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல், 1948இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இடுப்பின் அடியில் தொட்டில்போல் அமைந்து சிறுநீர்ப்பையைத் தாங்கும் தசைகள் பிள்ளைப்பேற்றில் தளர்கின்றன. கைகால் தசைகளைப் போலவே அவற்றையும் பயிற்சியால் வலுவாக்கலாம் என்பது அவர் வாதம். நாள்தோறும் மூன்று வேளை, வேளைக்கு 20 நிமிடம் பயிற்சி. கூடவே, 'பெரினியோமீட்டர்' என்ற கருவியையும் அவர் அமைத்தார். உள்ளே வைக்கும் காற்றடைத்த ரப்பர் உறை, அதனோடு இணைந்த அழுத்தமானி, அவ்வளவே. தசையைச் சுருக்கினால் முள் நகரும்; பெண் தன் முயற்சியின் பயனைத் தானே காண்பாள். 'பயோஃபீட்பேக்' என்னும் சொல் பிறப்பதற்கு முன்பே அதன் செயல்முறை இங்கே வந்துவிட்டது.

ஆயினும் கெகலுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. பிரிட்டனின் நடனக்கலைஞர் மார்கரெட் மோரிஸ் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இயன்முறை மருத்துவம் பயின்றவர். பேறுகாலப் பயிற்சிகளைப் பற்றி 1936இல் வெளிவந்த நூலின் ஆசிரியர்களில் ஒருவர். கசிவைத் தடுக்க இத்தசைகளைச் சுருக்கிப் பழகும் முறையை அவர் அப்போதே முன்வைத்தார். உடலை அசைத்து அறிந்த ஒரு பெண்ணின் அறிவு அது. உலகம் நினைவில் வைத்ததோ கெகலின் பெயரை மட்டுமே.

அந்தப் பெயரும் முழுமையாக வந்து சேரவில்லை. பயிற்சி பரவியது, கருவி பின்தங்கியது. 'இறுக்கிப் பிடியுங்கள்' என்ற வாய்ச்சொல்லே சிகிச்சையாயிற்று. 1991இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சுருக்கமான வாய்மொழி விளக்கம் பெற்ற 47 பெண்களுள் பாதிப்பேரே சரியாகச் செய்தனர். கால்வாசிப்பேர் செய்த விதமோ கசிவைக் கூட்டக்கூடியது. தசையை மேலிழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்கினால் இதுதான் விளையும்.

முறையாகச் செய்தால் பயன் பெரிது. 2018இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வில், இருமல் தும்மலால் கசிவுற்ற பெண்களில் பயிற்சி பெற்றோருள் 56 விழுக்காட்டினர் குணமானதாகக் கூறினர். பெறாதவருள் 6 விழுக்காட்டினரே. ஆகவே, பயிற்சி பலிக்கவில்லை எனக் கைவிட்ட பெண் ஒருமுறை இயன்முறை மருத்துவரிடம் சென்று, சரியான தசைதான் சுருங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கெகல் தம் கருவியால் காட்ட விரும்பியதும் அதைத்தான்.